ஜாவாவில் ஒரு பதிவை பைட்டுகளாக எழுதுவது எப்படி: கையால் ஒரு பைனரி வடிவம்

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு பதிவுக்குக் கவலையே இல்லை. எண் ஓரிடத்தில் இருக்கும், பெயர் வேறோர் இடத்தில் இருக்கும், இரண்டையும் ஜாவா கோத்து வைத்திருக்கும். அதே பதிவைக் கோப்பில் போடவோ வலை வழியே அனுப்பவோ வேண்டும் என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கோப்புக்கு எண் தெரியாது, பெயர் தெரியாது. 0 முதல் 255 வரையுள்ள எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், அவ்வளவுதான். சிதறிக் கிடப்பதை அப்படி ஒரே வரிசையில் நிற்க வைப்பதைத்தான் சீரியலைஸ் செய்வது என்கிறோம். 'வரிசைப்படுத்தல்' என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். படித்த பாதிப் பேர் சார்ட்டிங் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் சீரியலைஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஜாவாவில் கிளாஸ், மெத்தட், லூப் வரை தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிரலை அப்படியே அச்சிடாமல் வாயால் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறேன். கிளாஸ், மெத்தட் பெயர்களைப் படிக்க வசதியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். நிரலில் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்: பைனரி உண்மையிலேயே வேண்டுமா? பதிவுகள் சில ஆயிரம்தான், மனிதர் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும் என்றால், பெயரையும் மதிப்பையும் எழுத்தாகவே எழுதும் ஜேசனே போதும். பதிவுகள் கோடிக்கணக்கில் குவியும்போது, எதிர்முனையில் நினைவகம் குறைந்த கருவி இருக்கும்போது, அல்லது வேறொருவர் வகுத்த பைனரி வடிவத்தையே படித்தாக வேண்டும் என்னும்போது இந்த வழிக்கு வாருங்கள்.

ஜாவாவே தருவதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

ஜாவாவில் இதற்கென்றே ஒரு வசதி 1997-இல் வந்த ஜேடிகே 1.1 முதல் இருக்கிறது. கிளாஸின் தலையில் 'சீரியலைசபிள்' என்று எழுதி, ஆப்ஜெக்ட் அவுட்புட் ஸ்ட்ரீமிடம் கொடுத்தால் போதும். அது எழுதும் எந்த ஓட்டமும் 172, 237, 0, 5 என்ற நான்கு பைட்டுகளில்தான் தொடங்கும். முதல் இரண்டும் அடையாளக் குறி, அடுத்த இரண்டும் பதிப்பு எண். வசதி என்னவோ பெரிய வசதிதான். விலைதான் கூடுதல்.

முதலாவது, கிளாஸின் பெயர், புலங்களின் (ஃபீல்டுகளின்) பெயர், அவற்றின் வகை எல்லாமே டேட்டாவோடு சேர்ந்து போகும். ஒரே ஒரு சிறு பதிவுக்கு அந்த முன்னுரையே பதிவைவிடப் பெரிதாகிவிடும். இரண்டாவது, சீரியல் வெர்ஷன் எண்ணை நீங்களே எழுதிவைக்காவிட்டால் கிளாஸின் அமைப்பைப் பார்த்து ஜாவா ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். நாளைக்கு ஒரு பொது மெத்தட் சேர்த்தாலே அந்த எண் மாறி, பழைய கோப்பைத் திறக்கும்போது 'இன்வேலிட் கிளாஸ் எக்செப்ஷன்' விழும். மூன்றாவதுதான் மோசம்: எந்த கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும் என்பதை வந்து சேரும் பைட்டுகளே தீர்மானிக்கின்றன. அனுப்புபவர் கெட்டவராக இருந்தால் உங்கள் நிரலுக்குள்ளேயே அவர் விரும்பிய வேலையை நடத்திக்கொள்ள முடியும். இந்த வழியாக நடந்த தாக்குதல்களால்தான் ஜாவா 9-இல் உள்வருவதை வடிகட்டும் வசதியைச் சேர்த்தார்கள். ஜாவாவின் தலைமைக் கட்டமைப்பாளர் மார்க் ரெயின்ஹோல்டே 2018-இல் இதை 1997-இல் செய்த பெரிய தவறு என்று ஒப்புக்கொண்டார். புதிதாக எழுதும் எதிலும் இதை நான் தொடுவதில்லை.

படி 1: தாளில் எழுதுங்கள்

எடிட்டரைத் திறக்காதீர்கள். பைனரி வடிவம் என்பது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம். நிரல் அதற்குப் பிறகுதான்.

ஒரு வெப்பமானி நிலையம் அனுப்பும் பதிவை எடுத்துக்கொள்வோம். என் தாளில் இப்படி இருக்கும்:

நிலைய எண்: 4 பைட்
நேரம்: 8 பைட், 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லி விநாடி, யூடிசி (உலகப் பொது நேரம்)
வெப்பநிலை: 2 பைட், செல்சியஸை 100-ஆல் பெருக்கிய முழு எண்
நிலை: 1 பைட், 1 என்றால் சரி, 2 பழுது, 3 பேட்டரி தீர்கிறது
கொடிகள்: 1 பைட், கடைசி பிட் 1 என்றால் குறிப்பு உண்டு
பெயர்: முதலில் 2 பைட்டில் நீளம், அப்புறம் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியேற்றம்) பைட்டுகள்
குறிப்பு: கொடி இருந்தால் மட்டும், பெயரைப் போலவே

தாளின் மேலேயே ஒரு வரி: எல்லா எண்களிலும் பெரிய பகுதி முதலில். பிக் எண்டியன் என்று சொல்வது இதைத்தான். 7 என்ற எண்ணை 4 பைட்டில் எழுதினால் 0 0 0 7. இதையே சிறிய பகுதி முதலில் என்று நினைத்துப் படிப்பவருக்கு 11,74,40,512 கிடைக்கும். ஜாவா தானாகவே பிக் எண்டியனில் எழுதும். நம் மேசைக் கணினிகளின் எக்ஸ்86 செயலிகளோ நினைவகத்தில் தலைகீழாக வைத்திருக்கும். ஆகவே எதிர்முனையில் சி மொழியில் எழுதுபவர் இருந்தால் இந்த ஒரு வரிதான் உங்கள் இரண்டு பேரின் தூக்கத்தையும் காப்பாற்றும்.

வெப்பநிலையை ஏன் டபுளாக வைக்கவில்லை? வைக்கலாம், தப்பில்லை, 8 பைட் போகும். ஆனால் கருவி தருவது இரண்டு தசம இடம்தான். 31.25 பாகையை 3125 என்று வைத்தால் 2 பைட் போதும், -327.68 முதல் 327.67 வரை அடங்கும். இங்கே ஒரு சிறு பள்ளம் உண்டு. 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் டபுளில் 1999 வராது, 1998.9999999999998 வரும். இன்ட்டாக நேரடியாக மாற்றினால் 1998 ஆகிவிடும். மேத் ரவுண்ட் போட்டு மாற்றுங்கள்.

நிலைக்கு 1, 2, 3 என்று நானே எண் கொடுத்ததைக் கவனியுங்கள். ஜாவாவில் ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வைத்திருந்தால் ஆர்டினல் என்ற மெத்தட் ஒரு எண்ணைத் தரும், அதையே எழுதிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். ஆர்டினல் என்பது பட்டியலில் அது எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பது மட்டுமே. யாரோ ஒருவர் பட்டியலை அகர வரிசையில் அழகாக அடுக்கினால் போதும், நேற்றுவரை 'சரி'யாக இருந்த பதிவெல்லாம் இன்று 'பழுது' ஆகிவிடும். பிழைச் செய்திகூட வராது.

படி 2: எழுதுவது

பதிவைக் குறிக்க ஜாவா 16 முதல் நிலையாகக் கிடைக்கும் 'ரெக்கார்ட்' நன்றாகப் பொருந்தும். எண், நேரம், வெப்பநிலை, நிலை, பெயர், குறிப்பு என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பழைய ஜாவா என்றால் சாதாரண கிளாஸ் போதும்.

எழுதுவதற்கு டேட்டா அவுட்புட் ஸ்ட்ரீம். அதை ஒரு பைட் அர்ரே அவுட்புட் ஸ்ட்ரீமின் மேல் போர்த்துங்கள். இப்போதைக்கு நினைவகத்தில் எழுதுவோம், கோப்புக்கு அப்புறம் போகலாம். தாளில் உள்ள வரிசையிலேயே: நிலைய எண்ணுக்கு ரைட் இன்ட், நேரத்துக்கு ரைட் லாங், வெப்பநிலைக்கு ரைட் ஷார்ட், நிலைக்கும் கொடிக்கும் ரைட் பைட்.

ரைட் ஷார்ட், ரைட் பைட் இரண்டும் வாங்கிக்கொள்வது இன்ட். உள்ளே என்ன பெரிய எண் கொடுத்தாலும் கீழ்ப் பகுதியை மட்டும் எழுதிவிட்டு மேலே உள்ளதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். கருவி கெட்டுப்போய் 400 பாகை என்று சொன்னால் 40000 எழுதப்போவீர்கள். படிக்கும்போது -25536, அதாவது -255.36 பாகை வந்து நிற்கும். அடுப்பாக வந்தது பனிப்பாறையாகப் போகும். எழுதும் முன் எல்லையைச் சோதித்து, தாண்டினால் எக்செப்ஷன் வீசுங்கள்.

அடுத்தது பெயர். தமிழர்கள் அடிபடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிலையத்தின் பெயர் 'மாடி' என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டு எழுத்து. ஜாவாவின் லெங்த் மெத்தடைக் கேட்டால் 4 என்று சொல்லும்: ம, கால், ட, மேல்விலங்கு என்று நான்கையும் தனித்தனியாக எண்ணுகிறது. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 12. ஒரே பெயருக்கு 2, 4, 12 என்று மூன்று நீளம். கோப்புக்குத் தேவை 12 மட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீளத்துக்கு லெங்த்தையே எழுதிவைத்தேன். சோதித்ததெல்லாம் ஆங்கிலப் பெயர்களில். அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் எல்லாம் பச்சை விளக்கு. பிறகு முதல் தமிழ்ப் பெயர் வந்தது. 'மாடி'யைக் கொண்டே என்ன நடந்திருக்கும் என்று பார்க்கலாம். நீளம் 4 என்று இருப்பதால் படிப்பவர் 224, 174, 174, 224 என்ற நான்கை எடுத்துக்கொண்டு பெயர் முடிந்தது என்று நினைப்பார். அடுத்து நிற்கும் 174, 190, 224, 174 என்ற நான்கையும் அடுத்த பதிவின் நிலைய எண்ணாகப் படிப்பார். நிலைய எண் -136,32,22,354. அதற்கப்புறம் கோப்பு முழுக்கக் குப்பை. நான் இரண்டு நாள் தேடியது டேட்டாபேஸில்.

சரியான வழி எளிது. முதலில் கெட் பைட்ஸ் மெத்தடுக்கு யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி பைட் அர்ரே ஒன்றை வாங்குங்கள். அந்த அர்ரேயின் நீளத்தை ரைட் ஷார்ட்டால் எழுதுங்கள். அப்புறம் அர்ரேயை எழுதுங்கள். யூடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டால் ஜாவா 18-க்கு முந்தைய பதிப்புகளில் இயங்குதளத்தின் இயல்புக் குறியேற்றம் எதுவோ அது எடுத்துக்கொள்ளப்படும்; ஒரு கணினியில் எழுதியதை இன்னொன்றில் படித்தால் கேள்விக்குறிகளாக வரும்.

ரைட் யூடிஎஃப் என்று ஒரு மெத்தட் இருக்கிறதே, நீளத்தையும் அதுவே எழுதிவிடுமே என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் ஜாவா மட்டுமே என்றால் பயன்படுத்தலாம். ஆனால் பெயரில் உள்ள யூடிஎஃப்-ஐ நம்பிவிடாதீர்கள். அது எழுதுவது சற்றே திருத்திய வடிவம். சுழியக் குறியை ஒரு பைட்டாக எழுதாமல் 192, 128 என்று இரண்டாக எழுதும். இமோஜி போன்றவற்றை 4 பைட்டுக்குப் பதில் 6 பைட்டில் எழுதும். பைத்தானில் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மேலும் மொத்தம் 65,535 பைட்தான் எல்லை. தமிழில் அது 21,845 குறிகள். பெயருக்குத் தாராளம், நீண்ட குறிப்புக்குப் போதாமல் போகலாம். நம் 2 பைட் நீளத்துக்கும் இதே எல்லைதான் என்பதால், தாண்டினால் எழுத மறுக்கும் சோதனை இங்கேயும் வேண்டும்.

குறிப்பு இல்லாத பதிவில் என்ன எழுதுவது? ஒன்றும் எழுத வேண்டாம். கொடி பைட் 0 என்று இருக்கும், படிப்பவர் குறிப்பைத் தேடவே மாட்டார். வெற்று ஸ்ட்ரிங் வேறு, நல் (null, மதிப்பே இல்லாதது) வேறு என்ற வித்தியாசமும் இதனால் காப்பாற்றப்படுகிறது.

படி 3: எழுதியதைக் கண்ணால் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். டூ பைட் அர்ரே போட்டு வாங்கி, அச்சிட்டுப் பாருங்கள். நிலையம் 7, நேரம் 17,00,00,00,00,000, வெப்பம் 31.25, நிலை சரி, பெயர் மாடி, குறிப்பு இல்லை என்றால் வர வேண்டியது இது:

0 0 0 7
0 0 1 139 207 229 104 0
12 53
1
0
0 12
224 174 174 224 174 190 224 174 159 224 174 191

மொத்தம் 30 பைட். 12 53 என்பதைக் கையால் சரிபாருங்கள்: 12-ஐ 256-ஆல் பெருக்கினால் 3072, கூட 53, மொத்தம் 3125. சரியாக இருக்கிறது. இதே பதிவை ஜேசனில் எழுதினால், புலப் பெயர்களைப் பொறுத்து, 80 பைட் அளவில் வரும்.

உங்கள் திரையில் 224-க்குப் பதில் -32 என்று வந்தால் பதற வேண்டாம். ஜாவாவின் பைட் -128 முதல் 127 வரைதான். 127-ஐத் தாண்டியதெல்லாம் குறை எண்ணாகத் தெரியும். உள்ளே இருக்கும் பிட்டுகள் அதேதான். அச்சிடும்போது பைட் கிளாஸின் டூ அன்சைன்ட் இன்ட் மெத்தடைப் போட்டால் 224 என்று காட்டும். ஜாவா 17-இல் ஹெக்ஸ் ஃபார்மட் என்ற கிளாஸும் வந்திருக்கிறது, பதினாறடிமானத்தில் பார்க்கப் பழகியவர்களுக்கு அது வசதி.

படி 4: படிப்பது

எழுதிய அதே வரிசையில் டேட்டா இன்புட் ஸ்ட்ரீமிடம் ரீட் இன்ட், ரீட் லாங், ரீட் ஷார்ட் என்று கேளுங்கள். நிலைக்கும் கொடிக்கும் ரீட் அன்சைன்ட் பைட், நீளங்களுக்கு ரீட் அன்சைன்ட் ஷார்ட். சாதாரண ரீட் ஷார்ட்டைப் போட்டால் 32,767-ஐத் தாண்டிய நீளம் குறை எண்ணாக வரும், அதை வைத்து அர்ரே உருவாக்கப் போனால் நிரல் விழும்.

பெயரின் பைட்டுகளைப் படிக்கும்போது ரீட் மெத்தடில் ஒரு கண்ணி இருக்கிறது. அர்ரேயைக் கொடுத்து ரீட் என்றால் 'முழுசாக நிரப்பு' என்று பொருள் இல்லை. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, எத்தனை கொடுத்தேன் என்ற எண்ணைச் சொல்லும். உள்ளூர்க் கோப்பில் பெரும்பாலும் முழுசாகவே வருவதால் பிழை தெரியாது. வலை வழியே வரும்போது 12 கேட்டால் 5 வரும். ரீட் ஃபுல்லி என்பதையே பயன்படுத்துங்கள். அது 12-உம் கிடைக்கும்வரை காத்திருக்கும், கிடைக்காமலே முடிந்தால் எக்செப்ஷன் வீசும்.

படித்த நிலை 1, 2, 3 எதுவும் இல்லையென்றால்? 'தெரியாதது' என்று ஒரு மதிப்பு வைத்துக்கொள்வது என் வழக்கம். அதற்காக மொத்தப் பதிவையே தூக்கி எறிவது கொஞ்சம் அதிகம்.

படி 5: சட்டகம் போடுவது

ஒரு பதிவு ஆயிற்று. கோப்பில் ஆயிரம் பதிவுகள் நிற்க வேண்டுமானால் மூன்று சேர்க்கைகள் வேண்டும்.

கோப்பின் தலையில் அடையாளக் குறி. ஜாவாவின் கிளாஸ் கோப்புகளைத் திறந்து பாருங்கள்: எல்லாமே 202, 254, 186, 190 என்று தொடங்கும், உடனே பதிப்பு எண் வரும். ஜாவா 17-க்கு 61, ஜாவா 8-க்கு 52. பிஎன்ஜி படமோ 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று தொடங்கும். அதில் 13, 10 வைத்திருப்பது ஒரு தந்திரம்: வரி முறிவை மாற்றிவிடும் மென்பொருள் எதன் வழியாகவாவது கோப்பு வந்திருந்தால் இந்த இடமே கெட்டுப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். நாமும் 211, 7, 94, 26 என்று நான்கு பைட் வைப்போம், பின்னாலேயே பதிப்புக்கு இரண்டு பைட்: பெரிய எண் 1, சிறிய எண் 0. தலைப்பகுதி 6 பைட்டில் முடிந்தது.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் நீளம், 4 பைட்டில். நம் பதிவுக்கு 0 0 0 30. இதற்காகத்தான் படி 2-இல் நினைவகத்தில் எழுதச் சொன்னேன். முழுசாக எழுதி முடித்தால்தான் நீளம் தெரியும்.

பதிவுக்குப் பின்னால் சரிபார்ப்பு எண், 4 பைட். ஜாவாவின் ஜிப் தொகுப்பில் சிஆர்சி-32 என்ற கிளாஸ் தயாராக இருக்கிறது. பதிவின் 30 பைட்டையும் அப்டேட்டில் கொடுத்து கெட் வேல்யூ கேளுங்கள். அது தருவது லாங், எப்போதும் நேர் எண். அதை இன்ட்டாக மாற்றி எழுதுவீர்கள். திரும்பப் படிக்கும் ரீட் இன்ட் குறை எண் தரலாம். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதிப் பதிவுகள் 'கெட்டுவிட்டன' என்று வரும், மீதிப் பாதி சரி என்று வரும். இந்தப் பாதிக்குப் பாதி கணக்கை எங்காவது பார்த்தால் உடனே குறியுள்ள எண், குறியில்லா எண் குழப்பத்தைச் சந்தேகியுங்கள். இரண்டையும் இன்ட்டாக மாற்றி ஒப்பிட்டால் தீர்ந்தது.

படிக்கும்போது நீளத்தை நம்பாதீர்கள். கெட்டுப்போன கோப்பில் அந்த 4 பைட் 200 கோடி என்று சொல்லலாம். நீங்களும் கேள்வி கேட்காமல் அத்தனை பெரிய அர்ரேயை உருவாக்கினால் நினைவகம் தீர்ந்து நிரல் சாயும். நம் பதிவின் நிலையான பகுதி 18 பைட். பெயர், குறிப்பு இரண்டும் உச்ச நீளத்தில் இருந்தால்கூட ஒன்றரை லட்சம் பைட்டைத் தாண்டாது. 18-க்குக் கீழோ, நீங்கள் வகுத்த உச்சத்துக்கு மேலோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கோப்பு எங்கே முடிகிறது என்பதிலும் கவனம் வேண்டும். நீளத்தை ரீட் இன்ட்டால் படித்தால், கோப்பு ஒழுங்காக முடிந்தாலும் அதே எக்செப்ஷன், நீளத்தின் நடுவில் அறுந்திருந்தாலும் அதே எக்செப்ஷன். ஜாவா 11-இல் வந்த ரீட் என் பைட்ஸிடம் 4 கேளுங்கள். காலி அர்ரே வந்தால் நல்ல முடிவு. ஒன்று முதல் மூன்று பைட் வந்தால் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிருக்கிறது. கடைசிப் பதிவை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

கோப்பில் எழுதும்போது இடையில் பஃபர்டு அவுட்புட் ஸ்ட்ரீம் ஒன்றைப் போடுங்கள், இல்லையென்றால் சின்னச் சின்ன எழுத்துக்கெல்லாம் இயங்குதளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். ஜாவா 7-இல் வந்த, தானாக மூடிக்கொள்ளும் டிரை அமைப்புக்குள் திறந்தால் கடைசியில் ஃப்ளஷ் (தேங்கியதைக் கோப்புக்குத் தள்ளுவது) மறந்து கோப்பு பாதியில் நிற்கும் கதை வராது.

பைட் பஃபர் பற்றியும் ஒரு வார்த்தை. நீளம் முன்பே தெரிந்த பதிவுகளுக்கும், லிட்டில் எண்டியன் கேட்கும் கருவிகளுக்கும் அதுவே நல்லது; ஆர்டர் மெத்தடில் ஒரு முறை சொன்னால் போதும். எழுதிவிட்டுப் படிக்கும் முன் ஃப்ளிப் போட மறக்காதீர்கள். மறந்தால் நீங்கள் எழுதியதற்கு அப்பால் உள்ள சுழியங்களைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 6: சோதனை

எழுதிப் படித்துப் பார்த்து, இரண்டும் சமமா என்று சோதிப்பதை எல்லோரும் செய்வார்கள். அது வேண்டும்தான், ஆனால் போதாது. எழுதுவதிலும் படிப்பதிலும் ஒரே தப்பைச் செய்திருந்தால் சோதனை சிரித்துக்கொண்டே தேறிவிடும். ஆகவே படி 3-இல் கையால் சரிபார்த்த அந்த 30 எண்களையும் சோதனைக்குள் அப்படியே எழுதிவையுங்கள். எழுதும் மெத்தட் அதே 30-ஐத் தர வேண்டும், ஒன்று மாறினாலும் தோற்க வேண்டும்.

அப்புறம் வேண்டுமென்றே கெடுங்கள். நடுவில் ஒரு பைட்டை மாற்றினால் சிஆர்சி பிடிக்கிறதா? கோப்பை ஒவ்வொரு பைட்டாக வெட்டிக்கொண்டே வந்தால் எங்காவது நிரல் தொங்குகிறதா? ஒரு பதிவு உள்ள கோப்பு தலைப்பகுதியோடு 44 பைட்தான். 44 இடங்களிலும் வெட்டிப் பார்க்க ஒரு லூப் போதும். பெயர்களில் தமிழ், இமோஜி, வெற்று ஸ்ட்ரிங் மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

இதையெல்லாம் செய்துவைத்த நூலகங்கள்

நியாயமான கேள்விதான், அவை இருக்கும்போது ஏன் கையால்? கூகுள் 2008-இல் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் இருக்கிறது, அப்பாச்சியின் ஆவ்ரோ இருக்கிறது. பதிவு வகைகள் பத்தைத் தாண்டினால், அல்லது மூன்று மொழிகளில் படிக்க வேண்டியிருந்தால் நானும் அங்கேதான் போவேன். புரோட்டோகால் பஃபர்ஸில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு எண் உண்டு. பெயர் டேட்டாவில் போகாது, அந்த எண்தான் போகும். நீக்கிய புலத்தின் எண்ணை வேறொன்றுக்கு மறுபடி கொடுக்கக் கூடாது என்ற விதி அதனால்தான். சிறிய எண்ணுக்குக் குறைந்த பைட் செலவழியும்: ஒரு பைட்டில் 7 பிட் டேட்டா, மீதி ஒரு பிட் 'இன்னும் வருகிறது' என்ற சைகை. 300 என்பது 172, 2 என்று இரண்டே பைட்டில் போகும். அதே சமயம் சாதாரண இன்ட் வகையில் -1 எழுதினால் 10 பைட் போகும். குறை எண் வரும் இடத்துக்கென்று அதில் தனி வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையால் ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு இந்தத் தேர்வு உடனே புரியும்.

படி 7: ஆறு மாதம் கழித்து ஈரப்பதம் கேட்பார்கள்

கேட்பார்கள், சந்தேகமே வேண்டாம். ஈரப்பதத்துக்கு 2 பைட். எங்கே சேர்ப்பது? வெப்பநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், பழைய நிரல்கள் எல்லாம் செத்துவிடும். பதிவின் கடைசியில் சேருங்கள்.

30 பைட் பதிவு 32 ஆகும். தலைப்பகுதியில் சிறிய பதிப்பு எண் 1 ஆகும், பெரிய எண் அப்படியே. பெரிய எண் தனக்குத் தெரிந்ததா என்று மட்டும் பார்ப்பதுதான் படிப்பவரின் விதி. வேறாக இருந்தால் படிக்க மறுக்கலாம், சிறிய எண்ணைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. ஏற்கெனவே உள்ள புலத்தின் பொருளோ அளவோ மாறினால்தான் பெரிய எண்ணைத் தொட வேண்டும்.

பழைய நிரல் புதுக் கோப்பைப் படிக்கும்போது: நீளம் 32 என்று பார்க்கும், 32 பைட்டையும் எடுத்து சிஆர்சி சரிபார்க்கும், தனக்குத் தெரிந்த பெயர், குறிப்புவரை படிக்கும், மீதி 2 பைட்டைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பதிவுக்குப் போகும். புது நிரல் பழைய கோப்பைப் படிக்கும்போது: எல்லாம் படித்த பிறகு பதிவில் மீதி எத்தனை என்று அவெய்லபிள் மெத்தடைக் கேட்கும், பதிவு ஏற்கெனவே நினைவகத்து அர்ரேயில் இருப்பதால் இங்கே அந்த விடையை நம்பலாம். 0 என்றால் ஈரப்பதம் இல்லை என்று வைத்துக்கொள்ளும். 0 விழுக்காடு என்று வைத்துவிடாதீர்கள், அது ஒரு அளவீடு.

தாளையும் இப்போதே திருத்துங்கள். அப்புறம் முதல் பதிப்பின் ஜார் கோப்பை (தொகுத்து வைத்த பழைய நிரலை) தேடி எடுத்து, ஈரப்பதம் சேர்த்த புதுக் கோப்பை அதனிடம் கொடுத்து ஓட்டுங்கள். நிலையம் 7, 31.25, மாடி என்று காட்டிவிட்டு அடுத்த பதிவுக்குப் போனால் வெளியிட்டுவிடலாம்.